என் பேரில் மலை ஏறியவள்

அக்காவுக்குத் தாகம் எடுத்தால் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வாள். களை எடுக்கிற காட்டில் வெயில் ஏறினதும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று, "மேஸ்திரி, இந்தப் பாப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. கொடத்த இப்டி அனுப்பு" என்பாள். குடம் வந்ததும் அவள்தான் முதலில் தூக்கிக் குடிப்பாள். பாதிக் குடம் இறங்கின பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ குடிக்கிறியாடி?" என்று என்னைப் பார்ப்பாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பக்கத்து வீடு. கச்சிராயபாளையம் போகிற ரோட்டில்தான் எங்கள் ஊர். எனக்கும் நிலம் இல்லை, அவளுக்கும் இல்லை. நடவு, களை, கரும்பு வெட்டு என்று எந்தக் காட்டுக்குப் போனாலும் ஒன்றாகத்தான் போவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குத் தலை வெளுத்து மருமகள் வந்த பிறகும் பாப்பாதான்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "இந்தப் பக்கம் பாப்பாவுக்கு இன்னொரு வடை போடுங்க" என்பாள். வடை என் இலையில் விழும். அடுத்த நிமிஷம் அங்கே இருக்காது. இடுப்பு வலித்தால், "பாப்பா தொவண்டு போச்சி, செத்த நேரம் குந்தலாமா?" என்று மேஸ்திரியைக் கேட்பாள். மேஸ்திரி என்னை முறைப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவள் ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் சித்தி வீட்டில் வளர்ந்தவள் என்பார்கள். தனக்கு வேண்டும் என்று கேட்டதற்கு அங்கே அடி விழுந்திருக்கலாம். இது நானாக நினைத்துக்கொள்வது. அவள் ஒருநாளும் சொன்னதில்லை. என் பேரைச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்ததும் இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அவள் கேட்டு வாங்கியதில் பாதி எனக்கும் வந்து சேர்ந்தது. அவள் மட்டும் இல்லாவிட்டால் எத்தனையோ நாள் நான் தாகத்தோடேயே வீடு திரும்பியிருப்பேன்.

குடியும் அப்படித்தான். கரும்பு வெட்டி முடித்த நாளில் உடம்பு முழுக்க முறித்துப் போட்டது போல இருக்கும். கடைக்குப் போகிற ஆம்பளைகளிடம் அக்கா ரகசியமாகச் சொல்லி அனுப்புவாள். "எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு. நடக்க முடியாது. அவருக்கு ஒண்ணு வாங்கியாந்துடு." எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

"எக்கா, அந்தப் பெரியவரு இன்னுமா சாவல?" என்று கேலி செய்வார்கள்.

"அது எங்க சாவும்? கல்லு மாதிரி இருக்குது" என்பாள் அக்கா.

அவள் புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போன பிறகு பெரியவருக்குக் காலையிலும் தேவைப்பட்டது. வேலைக்கு வருவது குறைந்தது. கால் வீங்கியது. கண்ணில் மஞ்சள் ஏறியது. ஒருநாள் காலையில் வந்து, "கெளம்புடி, உன்ன ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போறேன்" என்றாள்.

கள்ளக்குறிச்சி பெரியாசுபத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தாள். "பாப்பாவுக்குக் கால் வீங்குதுங்க" என்றாள் அக்கா. டாக்டரம்மா என் காலைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து அக்காவின் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"இவங்க கால் நல்லாத்தான் இருக்கு. நீங்க இப்படி படுங்க."

வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ரத்தம் எடுக்கச் சொன்னாள். படம் எடுக்க அனுப்பினாள். கடைசியில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: "ஈரல் கெட்டுப் போயிருக்கும்மா. இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் பொழைக்கிறது கஷ்டம். மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. குடிய விட்டவங்க ஒண்ணா சேர்ந்து பேசுற கூட்டம் இருக்கு. அங்க போய் உட்காருங்க. மனசுல இருக்கிறத வாய்விட்டுச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் விடவில்லை. பிறகு, "தை அறுப்புக்கு ஆளு கம்மியாப்பூடுமேடி" என்றாள். சாவதற்கு அவளுக்கு மனசில்லை என்பது எனக்குப் புரிந்தது.

கூட்டத்தைத் தேடிப் போனோம். டவுனிலேயே ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்றார்கள். உள்ளே முழுக்க ஆம்பளைகள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"குடிய வுடுற கூட்டம் இதுங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாம்மா. உங்க வூட்டுக்காரர் எங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "அவரு வரலைங்க" என்றாள்.

"அவரு வரணும்மா. இங்க குடிக்கிறவங்கதான் குந்தறது. குடிக்கிறவங்க பொண்டாட்டிங்களுக்குச் சின்னசேலத்துல தனியா கூட்டம் நடக்குது. அங்க போங்க, மனசுக்கு நல்லா இருக்கும்."

ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். டீ கூடக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது, "நல்ல ஆளுங்கடி. பாவம், டீ கிளாஸப் புடிக்கச் சொல்லோ எப்டி கை நடுங்குது பாத்தியா?" என்றாள் அக்கா. அவள் கை புடவைக்குள் இருந்தது.

சின்னசேலம் கூட்டத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷன் கதையைச் சொன்னாள். ஒருத்தி அடி வாங்கின தழும்பைக் காட்டினாள். அக்காவின் முறை வந்தது. அவள் எழுந்து எதையாவது சொல்லி மழுப்பிவிட்டு உட்காருவாள் என்று நினைத்தேன்.

"எங்கூட்டுக்காரரும் அப்டித்தான்" என்று ஆரம்பித்தாள். "காத்தால எழுந்ததும் கை நடுங்கும். கொஞ்சம் ஊத்தினாத்தான் நிக்கும். வேலிக்காத்தான் பொதருல பாட்டில ஒளிச்சி வெச்சிருக்கும். யாரும் பாக்காத நேரமாப் போய்க் குடிச்சிட்டு அங்கியே குந்திக்கினு அழுவும். அடிக்காது, திட்டாது, சும்மா அழுவும். இனிமே தொட மாட்டேன்னு மாரியாயி கோயில்ல சூடம் ஏத்தும். ஏத்துன சூடம் அணையறதுக்குள்ள வாய் கேக்கும். அதுக்கு ஆசையில்லிங்க. உள்ள யாரோ குந்திக்கினு கேக்கறாப்பல இருக்குமாம்."

அந்த மனுஷன் வெற்றிலை கூடப் போட்டதில்லை. சோடா குடித்தாலே தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவார். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். பேசப்பேச அக்காவின் முகம் லேசாகிக்கொண்டு வந்தது. அந்த வாரம் அவள் தொடவில்லை. அடுத்த வாரம் நானே அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன். மறுபடி புருஷனைப் பற்றிப் பேசினாள். அந்த வாரமும் தொடவில்லை.

ஆனால் அவள் புருஷன் சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். செய்தி போய்விட்டது. கொழுந்தன் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கண்ணன் ஒரு பீடி புடிச்சத யாராச்சும் பாத்தீங்களா? அந்த மனுஷன செத்தப்புறம் குடிகாரனாக்கிட்டியே அண்ணி! இன்னா பாவம் பண்ணிச்சி அது?"

அவன் என் பக்கம் திரும்பினான். "நீயாச்சும் சொல்லும்மா, எங்கண்ணன் குடிச்சாரா?"

"அதப்போயி ஏன் கேக்கற? அதுக்குப் பேச வராது" என்றாள் அக்கா.

அவன் அழுதுகொண்டே போனான். அக்கா உள்ளே போய்ப் புருஷன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். "கோவிச்சிக்காத. வேற ஆளு கெடைக்கல" என்று படத்திடம் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலமே பெரியவருக்கு வாங்கி வர ஆள் போனது.

பிறகு பலாப்பழம் விற்க மலையிலிருந்து இறங்கி வந்த ஒருத்திதான் சொன்னாள். வெள்ளிமலையில் ஒரு கூட்டம் நடக்கிறது, ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள், குடித்த பொம்பளைகளும் வருகிறார்கள் என்று. அக்கா என்னைப் பார்த்து, "உனக்கு ஏத்த எடமா இருக்கும்போலடி" என்றாள். நான் சரி என்றேன்.

கல்வராயன் மலை ஏறுகிற பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. வளைவுகள் ஆரம்பித்ததும் அக்கா எழுந்து, "இந்தப் பாப்பாவுக்கு வாந்தி வரும், ஜன்னல் ஓரத்த வுடுங்க சாமி" என்றாள். ஒரு பெரிய மனுஷர் எழுந்து இடம் கொடுத்தார். அக்கா அதில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சாமை மூட்டை அடுக்கியிருந்தது. மீதி இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களும் நாலைந்து பேர். கூட்டத்தை நடத்தியவர் அந்த மலைக்காரர், வயசானவர், குடியை விட்டு ரொம்ப வருஷம் ஆனவர். ஒவ்வொருவரும் எழுந்து, "நான் குடிக்கிற ஆளு" என்று சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். என் மகள் வயசுப் பெண் ஒருத்தி எழுந்து அப்படிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. இதுதான் இடம் என்று எனக்குத் தோன்றியது. அக்காவின் முட்டியைத் தொட்டேன்.

அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கை மெல்ல வந்து என் தோளில் விழுந்தது.

"இது எங்கூட்டாண்ட இருக்குது. ரொம்ப வருஷமாக் குடிக்குது. டாக்டரு செத்துடுவன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு வாய் பேச வராது. அதான் நான் இட்டாந்தேன்."

எல்லார் கண்ணும் என் மேல் வந்தது. கூட்டத்தை நடத்திய அந்தப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க பேச வேணாம்மா. வந்து குந்துனீங்களே, அதுவே பெருசு" என்றார்.

அன்றிலிருந்து நான்தான் குடிகாரி.

வாராவாரம் போனோம். அக்கா கேள்வி கேட்பாள். "காத்தால இதுக்குக் கை நடுங்குதே, இன்னா பண்ணட்டும்?" "பொழுது எறங்கச் சொல்லோ இதுக்கு வாய் ஊறுதுங்க, அப்ப இன்னா பண்றது?" அவர்கள் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். மாத்திரையை விடாதே, வயிற்றைக் காலியாக வைக்காதே, அந்த நேரத்தில் வெல்லத்தை வாயில் போட்டுக்கொள், யாரோடாவது பேசிக்கொண்டிரு. அக்கா ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொள்வாள். பஸ்ஸில் வரும்போது எனக்குப் புத்தி சொல்வாள். "கேட்டுக்கினியா? இனிமே அந்தக் கடைப்பக்கம் தலவெச்சிப் படுக்காத."

"சரிக்கா" என்பேன்.

பொழுது இறங்கினால் வெல்லத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். "இந்தா, வாயில போடு" என்று எனக்கு ஒரு துண்டு கொடுத்துத் தானும் ஒன்று போட்டுக்கொள்வாள். இருட்டுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்போம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். கண்ணில் மஞ்சள் குறைந்தது. கால் வற்றியது. மக்காச்சோளம் ஒடிக்கக்கூட ஒருநாள் வந்தாள். மேஸ்திரி, "இன்னாக்கா, பெரியவரு போயிட்டாரா?" என்றார். "அவரு ஊருக்குப் போயிருக்காரு" என்றாள்.

என் மருமகள் மட்டும் ஒருநாள், "அத்தே, நீங்க குடிக்கிறீங்கன்னு மலையில பேசிக்கிறாங்களாமே?" என்று கேட்டாள். சிரிப்பதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "பேசிக்கினு போறாங்க, வுடு" என்றேன்.

ஒரு வாரம் அக்கா மறுபடி குடித்துவிட்டாள். கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். "இது போன வாரம் குடிச்சிப்புடுச்சிங்க." "எம்மாம் சொல்லியும் கேக்கல. குடிச்சிட்டு வேலியோரம் வுழுந்து கெடந்துச்சி. இத்த எப்டியாச்சும் காப்பாத்துங்க சாமி. இது நல்ல பொம்பள. இது சாவக்கூடாது." முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் அக்காவின் முதுகைத் தடவினேன்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் ஆட்கள் ஜாஸ்தியானார்கள். ஒரு குடிகாரனுக்கு அம்மா, பொண்டாட்டி, மச்சான் என்று துணைக்கு வந்தவர்களே கொட்டகையை அடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் கூட்டத்துப் பெரியவர் சொன்னார்: "துணைக்கு வர்றவங்களே பேசிக்கினு இருந்தா, குடிக்கிறவங்க எப்ப வாயத் தெறக்கறது? இனிமே அவங்க மட்டும் உள்ள இருக்கட்டும். கூட வந்தவங்க வெளிய குந்துங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அக்கா முதல் ஆளாக எழுந்தாள். "அதுவும் சரிதாங்க" என்றாள். நான் அவள் புடவையைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டு, "நல்லா கேட்டுக்கினு வந்து சொல்லுடி" என்று போய்விட்டாள்.

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதையெல்லாம் பஸ்ஸில் அவளுக்குச் சொல்வேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனுஷர்கள் அழுது சொன்னது என் வாயில் வரும்போது கடையில் சாமான் சொல்வது போல ஆகிவிடும். "அவ்ளோதானா?" என்பாள் அக்கா. "நீயே உள்ள போய்க் குந்துக்கா, நான் வெளிய இருக்கேன்" என்று எத்தனையோ முறை சொன்னேன். "எனக்கு இன்னாடி? நான் போயி இன்னாத்த சொல்றது?" என்பாள்.

நாலைந்து வாரம் போனதும் அவள் வாயில் எப்போதும் வெற்றிலை இருந்தது. வெற்றிலையையும் மீறி அந்த வாடை வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் எல்லாமும் கிடைக்கும் போலிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். பெரியவர் எல்லாரையும் கையமர்த்தினார். கொட்டகை அமைதியானது.

"நான் குடிக்கிறதில்லீங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, அன்பாகத்தான். "நானும் மொத மொதல்ல இதத்தாம்மா சொன்னேன்" என்றார் ஒருவர். "நான் சாராய டம்ளர கையில வெச்சிக்கினே சொன்னேன்" என்றார் இன்னொருவர்.

"இல்லீங்க. வெளிய குந்திக்கினு இருக்குதே, அதுதான்..."

பெரியவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "அடுத்தவங்க மேல பழி போடத் தோணும்மா. எல்லாருக்கும் தோணும். உங்களுக்காக மலையேறி வர்ற மனுஷி அவங்க. அவங்களப் போயிச் சொல்லாதீங்க. குந்துங்க. இன்னிக்கு வாயத் தெறந்தீங்களே, அது போதும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்ததும் அவரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. அக்கா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறையத் தண்ணீர். "எழுந்து பேசினியாமேடி! எல்லாரும் சொல்றாங்க. நீ பொழச்சிக்குவடி. நான் சொன்னேன் இல்ல, இதான் சரியான எடம்னு?"

பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நான் முந்தானையால் அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் அவள் வயிறு வீங்கிப் படுத்துவிட்டாள். அதே ஆசுபத்திரி, அதே டாக்டரம்மா. "கூட்டத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டாள். "வுடாம போனோங்க" என்றாள் அக்கா. டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ராத்திரிக்குத் தாங்குமா என்று தெரியவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் அக்காவின் உடம்பு உதறியது. அந்தப் பக்கம் போன நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டரு, பாப்பாவுக்குக் குளுருது. ஒரு போர்வ குடுங்க" என்றாள். நர்ஸ் போர்வையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதை அக்காவுக்குப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டே, "இப்ப சரியாடி?" என்றாள்.

"சரியாயிடுச்சிக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கருமாதி முடிந்த பிறகு வந்த கூட்டத்துக்கு நான் தனியாக மலை ஏறினேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குடித்தது நான் இல்லை, அவள்தான், அவள் போய்விட்டாள் என்று. கொட்டகை வாசலில் பெரியவர் நின்றிருந்தார்.

"கூட வர்ற அம்மா எங்க?"

"செத்துப்போச்சிங்க" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் எல்லாருக்கும் சொன்னார். ஆம்பளைகள் உச் கொட்டினார்கள். பெண்கள் எழுந்து வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்தார். "உங்களுக்காக எத்தினி தபா இந்த மலைய ஏறினாங்க. எம்மாம் அழுதாங்க. இந்த மாதிரி நேரத்துலதாம்மா வாய் கேக்கும். துக்கத்த சாக்கு சொல்லும். அவங்களுக்காகவாச்சும் நீங்க இனிமே தொடக்கூடாது. எங்க, எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க பாக்கலாம்."

கொட்டகையில் இருந்த எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"குடிக்க மாட்டேங்க" என்றேன்.